இரட்டை இடது

எஸ்பனோலா
அக்டோபர் 9, 2017

அன்பு மச்சான் ரெய்னால்டோவுக்கு, உன் மைத்துனன் அர்செனியோ எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் கொரினும் நலம். நீயும் என் தங்கை ஓஃபெலியாவும் ஃப்ரெஸ்னோவில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பத்தொன்பது வருஷம் கடிதம் போடாதவன் இப்போது எதற்குப் போடுகிறான் என்று உறையைப் பார்த்ததுமே குப்பையில் எறிந்துவிடாதே. கோபமாக இருந்தால் நாளைக்குப் படி.

இந்த வருஷம் மிளகாய் நன்றாக விளைந்தது. ஊர் முழுக்கப் பச்சை மிளகாய் சுடுகிற வாசனைதான். கொரின் நாற்பது பை சுட்டு, தோலுரித்து, குளிர்பெட்டியை அடைத்துவிட்டாள். ஐஸ் கட்டி வைக்கக்கூட இடமில்லை. என் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய்க்கால் தூர்வாரும் அன்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, காபி கூஜாவைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். சிரிக்காதே, உனக்கும் அதே வயதுதான்.

தெலெஸ்ஃபோர் ஜூன் மாதம் காலமாகிவிட்டார். அவருடைய ஐம்பத்துமூன்றாம் வருஷத்துச் செவர்லே பிக்கப் இப்போது மகள் பெர்னிஸிடம் இருக்கிறது. போன திங்கட்கிழமை, வண்டிகளுக்குத் தோல் தைக்கிற நம் பழைய கடைக்கே ஓட்டி வந்தாள். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. உள்ளேதான் வெயில் தின்றுவிட்டது. இரண்டு கதவின் உள்பக்கத்திலும் தோல் போர்த்திய டோர் பேடு வெடித்து, ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாகக் கொட்டுகிறது. அப்பா இருந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே கருஞ்சிவப்புத் தோல்ல வேணும் என்றாள். அப்புறம், அந்த வலது பக்கத்துல மட்டும் ஏன் மாமா ஒட்டுப் போட்டிருக்கு என்று கேட்டாள். யாருக்கும்மா ஞாபகம் இருக்கு என்று சொல்லிவிட்டேன். இந்த வயதிலும் பொய் எனக்குச் சரளமாக வருகிறது.

உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தோலை தெலெஸ்ஃபோரே எல்லை தாண்டி ஹுவாரெஸ் வரை போய்த் தேடி வாங்கி வந்தார். இன்னொரு தோல் அந்த நிறத்தில் கிடைக்காது என்று நூறு தடவை சொன்னார். நம் கடையில் மாதிரி அட்டையை வைத்துக் கோடு போடுவது நான், வெட்டித் தைப்பது நீ. எல்லாம் முடித்துக் கதவில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே இடது கதவுக்கு உரியவை. வலது கதவில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி ஒரு பக்கம், அதற்கான துளை மறுபக்கம். தெலெஸ்ஃபோர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் கோடு சரியாத்தான் போட்டேன், இவன் மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டான் என்று சொன்னேன்.

நீ குடியை விட்டு அன்றோடு இரண்டு வருஷம் நாலு மாதம். நாளை எண்ணி மெழுகுவர்த்தி ஏற்றியவர்களில் நானும் ஒருவன். ஊர் உனக்கு இரட்டை இடது என்று பெயர் வைத்துச் சிரித்தது. அதை நீ பொறுத்திருப்பாய். அன்று சாயங்காலம் ஓஃபெலியா உன்னை வாசலிலேயே நிறுத்தி, வாயை ஊதச் சொன்னாளாம். பக்கத்தில் நின்ற கொரின் வந்து சொன்னாள். அண்ணன் பொய் சொல்ல மாட்டான் என்று ஓஃபெலியா நம்பினாள். நீயும் ஊதிக் காட்டினாயாம். அடுத்த வாரமே ஊரைவிட்டுப் போனீர்கள். அம்மாவை அடக்கம் பண்ண வந்த அன்றுகூட ஓஃபெலியா என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

இப்போது வலது பேடை நெம்பிக் கழற்றி, பலகையிலிருந்து தோலை உரித்தேன். தோலின் உள்புறத்தில் நீலப் பேனாக் கோடு அப்படியே இருக்கிறது. வலது என்று என் கையெழுத்து. ஆனால் வரைந்திருப்பது இடது. அட்டையைத் திருப்பிப் போட வேண்டியவன் போடவில்லை. ஒரே வாக்கில் வைத்து இரண்டு தடவை வரைந்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வந்தவன் செய்கிற தப்பு. உன் கத்தரி என் கோட்டின் மேலேயே போயிருக்கிறது. ஒரு நூல் விலகவில்லை. குடித்த கை அப்படி வெட்டாது.

வியாழக்கிழமை இதுவரைக்கும்தான் எழுதினேன். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது, மன்னித்துவிடு என்று முடித்து, கொரினிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவங்க போனப்புறம் அந்தத் தோலுக்கு ஒட்டுப் போட்டு பலகையில ஒட்டுனது யாருங்க என்று ஒன்றே ஒன்று கேட்டாள். அந்தக் கடிதம் அடுப்புக்குள் போயிற்று.

தப்பான துளைக்கு ஒட்டுப் போட்டு நான்தான் ஒட்டினேன், மச்சான். நீங்கள் போன பத்தாம் நாள். கோட்டையும் அன்றைக்கே பார்த்தேன், என் எழுத்தையும் பார்த்தேன். பசையைத் தடவி மூடினேன். ஃபோன் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு தெலெஸ்ஃபோர் அந்த வண்டியில் கடையைத் தாண்டும்போதெல்லாம் கையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று பயந்தேன். வேறு நல்ல காரணம் ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

பெர்னிஸிடம் உண்மையைச் சொன்னேன். நேற்றுப் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் வைத்து மற்றவர்களுக்கும் சொன்னேன். அன்று சிரித்தவர்களில் நாலு பேர்தான் மிச்சம். டயர் கடை கில்பெர்த், இத சொல்ல ஒனக்கு இவ்ளோ நாளாச்சா, இனிமே நீதான்டா இரட்டை இடது என்றான். பாதிரியார்கூடச் சிரித்தார். பத்தொன்பது வருஷம் நான் பயந்தது இவ்வளவுக்குத்தான்.

கிட்டத்தட்ட அதே நிறத்தில் தோல் வரவழைத்தேன், இடது பேடு முடிந்துவிட்டது. வலதுக்கு அட்டையைத் திருப்பிப் போட்டு, மூன்று தடவை சரிபார்த்து, கோடு மட்டும் போட்டு மேஜையில் வைத்திருக்கிறேன். கத்தரி வைக்கவில்லை. பெர்னிஸ் கிறிஸ்துமஸ் வரை பொறுப்பதாகச் சொல்கிறாள். வெட்ட நீ வரவேண்டும். வர மனமில்லை என்றாலும் உன்மேல் குற்றமில்லை.

இந்த உறைக்குள்ளேயே அந்தப் பழைய தோலில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். என் எழுத்தும், கோடும், நீ வெட்டிய விளிம்பும் அதில் இருக்கின்றன. அதை ஓஃபெலியாவின் கையில் கொடு. உன்னோடு இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அதைப் படிக்கத் தெரியும், நீ ஒன்றும் விளக்க வேண்டாம். அன்று வாசலில் நிறுத்தி உன்னை அவள் ஊதச் சொன்னது என் வாயால் வந்த வினை என்று மட்டும் அவளிடம் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும், முக்கியமாக உன் கைகளையும் காப்பாற்றட்டும்.

உன் மைத்துனன்,
இரட்டை இடது அர்செனியோ