பாப்பச்சன் தந்த இழைப்புளி

அன்புள்ள பூவாத்தாளுக்கு,

கூட வேலை பார்க்கும் பாப்பச்சன் கேரளா திரும்பும்போது தன் பழைய இழைப்புளியை எனக்குத்தான் தருவார் என்று போன வருசமே சொன்னேனா இல்லையா? தந்துவிட்டார்! பட்டறையே பொறாமையில் வெந்துபோனது. நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

இங்கிலாந்து இரும்பு, நூறு வருசத்துச் சாமான். என்ன அழகு! தேக்கை இழைத்தால் சுருள் அவ்வளவு மெல்லிசாக வருகிறது. அதன் வழியாக உன் போட்டோவைப் பார்த்தேன், மூக்குத்தி வரைக்கும் தெரிந்தது.

என் அறையில் இருக்கும் உடுமலைப்பேட்டை சுரேந்தர், "மாமா, இதை மியூசியத்துல வெக்கோணுமுங்க. கூடவே உங்களையுமுங்க" என்கிறான்.

என்ன விலை பெறும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நேற்று ஒரு வெள்ளைக்காரர் வந்து கார் விலைக்குக் கேட்டார். தரமாட்டேன் என்றுவிட்டேன்.

லீவில் ஊருக்கு வரும் சுரேந்தர்தான் இக்கடிதத்தைக் கொண்டுவருகிறான். அவன் திரும்பும்போது கொள்ளுப்பொடி கொடுத்தனுப்பு. இழைப்புளியைச் சுற்றிவைக்க உன் பழைய சேலை ஒன்றும் வேண்டும். துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

சுரேந்தர் ஏர்போர்ட் போக டாக்சி வந்துவிட்டது. "அத வித்துப்போட்டு ஊட்டுக்கு வாங்க" என்று நீ சண்டைக்கு வருவாய், அதனால் சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளைக்காரர் நான் கட்டிவிட்ட கதை. நிசமாகவே யாராவது கேட்டிருந்தால், இந்தக் கடிதத்துக்குப் பதிலாக நானே சிங்காநல்லூரில் வந்து இறங்கியிருப்பேன்.

உன்
நாச்சிமுத்து