மூன்று நொடியைத் திருப்பி வைத்துவிட்டார்கள்

இன்று காலை செய்யாறு பக்கத்துத் தறிக்கூடம் ஒன்றிலிருந்து விசைத்தறியை இயக்கும் நம் கம்பெனி போர்டு பழுதுக்கு வந்தது. லேப்டாப்பில் இணைத்துப் பவர் கொடுத்ததும் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்கள் ஓடின. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போர்டு எழும்போது வீணாக நிற்கும் அந்தக் காத்திருப்பை நீதானே எடுத்துப்போட்டாய். கம்பெனி லோகோ தெரிய வேண்டுமென்று முதலாளி எல்லாக் கூடங்களிலும் திரும்ப வைக்கச் சொல்லியிருக்கிறார்.

ஆரணியில் மேரி அக்காவின் விசைத்தறி, கரண்ட் திரும்பியதும் தானாக ஓடியது நினைவிருக்கிறதா? ஒரு கை தறியில் மாட்டியிருக்க, அக்கா மறு கையால் தறியை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். போர்டின் இயங்குதளமான லினக்ஸ் எழுந்து அதைக் கவனிக்க இருபது நொடி ஆகும். அதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் உன்னைத்தான் கேட்டார்: "அமுக்கிகினே இருந்தேன் தம்பி, ஏன் நிக்கல?" நீ அங்கிருந்தே என்னை முதலாளியிடம் இழுத்துப் போனாய்.

பொத்தானை நேராக மோட்டாருக்கே இணைத்துவிடலாம் என்று இருவரும் சொன்னோம். "வித்ததெல்லாம் எவன் போய் கழட்டுவான்?" என்றார் முதலாளி. வேறு வழியில்லாமல் நீ போர்டை எழுப்பிவிடும் பூட்லோடரில் கை வைத்தாய். காத்திருப்பைப் பூஜ்ஜியமாக்கினாய். யுஎஸ்பியையும் நெட்வொர்க்கையும் தேடுவதை நிறுத்தினாய். லினக்ஸின் உட்கருவான கர்னலை நேராக ஏற்றி, பொத்தானைக் கவனிக்கும் புரோகிராமை முதலில் எழுப்பினாய். இருபது நொடி இரண்டானது. அதை ஏற்றிய மெமரி கார்டுகளோடு கூடம் கூடமாகப் போய் மாற்றினாய்.

அப்போதே உனக்குக் காய்ச்சல். டாக்டரிடம் வாடா என்று கெஞ்சினேன். "இன்னும் ரெண்டு கூடந்தான்டா. ஜல்தியா முடிச்சிட்டு வந்துடறேன்" என்றாய். டெங்கு என்று தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. அந்த இரண்டு கூடங்களுக்கு நான் போயிருக்க மாட்டேனா? உன்மேலும் எனக்குக் கோபம்தான். செத்துப்போனவன் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

போர்டைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"மூணு செகண்டுல இன்னா குடி முழுகிடப் போவுது? சும்மா பேஜார் பண்ணாத."

"மேரி அக்கா கையைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க சார்."

"இங்க வேலை செய்யணும்னா வாயை மூடிகினு இரு."

அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் எறிந்துவிட்டு வந்தேன். தெருவில் நின்றபடியே ஒவ்வொரு கூடமாக அழைத்தேன். கரண்ட் போனால் மோட்டார் சுவிட்சை அணைத்துவிடுங்கள், போர்டில் பச்சை விளக்கு எரிந்த பிறகு போடுங்கள், நாளை முதல் நானே வந்து கார்டை மாற்றித் தருகிறேன் என்றேன்.

தெள்ளார் கூடத்தில் ஒரு பெண்மணி முழுவதும் கேட்டுக்கொண்டு, "சரிங்க, யாரு பேசறீங்க?" என்றார்.

என் வாயில் உன் பெயர்தான் வந்தது.