லைசன்ஸுக்காக நீ சொன்ன பெயர்

என் பிரியமுள்ள அஞ்சலைக்கு,

நம் பேத்தி தேவி கிளேபாங்கில் கேக் கடை போடப் போகிறாள். போன வாரம் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தபடி, கைப்பேசியிலேயே லைசன்ஸுக்கு மனுப் போட்டாள். நடுவில் புருஷனைப் பார்த்து, "டேய் குமார், உன் ஐசி அட்டை நம்பர் சொல்லுடா" என்று ஒரு சத்தம். அவனும் அடுப்படியிலிருந்து சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே உன் ஞாபகம் வந்தது, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். அடிக்கடி பேனாவை நிறுத்திவிட்டு, "நிஜமாவா தாத்தா?" என்கிறாள்.

நிஜம்தானே, புள்ள?

இந்த மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைப்பதற்கு முந்தின மழைக்காலம் அது. ஆற்றங்கரைக் கிட்டங்கியில் அரிசி மூட்டைகள் சரிந்து என் கால் முறிந்தது. புண் சீழ் பிடித்து, காலை எடுப்பதா, உயிர் தங்குமா என்று ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டிலேயே நின்று பேசினார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள். நீ காஜா பெராங் சாலையோரத்தில் தோசைக்கல்லைப் போட்டாய். லைசன்ஸ் இல்லை என்று மறுநாளே கல், அடுப்பு, மாவுச்சட்டி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லைசன்ஸ் எடுத்தால்தான் கல் திரும்ப வரும். கல் வந்தால்தான் பிள்ளைகளுக்குச் சோறு.

லைசன்ஸுக்காக எத்தனை இடம் அலைந்தாய்! டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டு வீங்கின கையோடு என் கட்டிலருகே வந்து நின்றாய். படம் எடுக்கிற கடையில் சிரிக்காதே என்று அதட்டினார்களாம். "நான் எங்கங்க சிரிச்சேன்? பயத்துல பல்லு தெரிஞ்சிருக்கு" என்றாய். சுகாதார இன்ஸ்பெக்டர் நம் வீட்டுக்கு வந்து பானை மூடியைத் தூக்கிப் பார்த்து, சாக்கடைக்குள் தலையை விடாத குறையாக மோந்து பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். எல்லாம் முடிந்தது, மனு எழுதுகிற வேலை ஒன்றுதான் பாக்கி.

மனு எழுதியவர் லைசன்ஸ் ஆபீஸ் எழுத்தர், கிராணி பொன்னையா. செட்டிக் கம்பத்துக்காரர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறின தமிழர் வம்சம். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். உன் ஊர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, "லாக்கி பேரு?" என்று உன் புருஷன் பெயரைக் கேட்டார்.

நீ முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாய். கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால்கூட என் விலாவில் இடித்து என்னையே சொல்ல வைப்பவள் ஆயிற்றே. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று உன்னை வளர்த்திருந்தார்கள். நல்ல நாளிலேயே சொல்லாதவள், நான் இழுத்துக்கொண்டு கிடக்கும்போதா சொல்வாய்?

"செத்துட்டாரா?" என்று கேட்டாராம் கிராணி.

"ஐயோ, வாயைக் கழுவுங்க! ஆஸ்பத்திரியில இருக்காரு."

"அப்ப பேரைச் சொல்லு."

"முருகன் கையில இருக்குமே, அதுதான் பேரு" என்றாய், உனக்குத் தெரிந்த மலாயில்.

"இதைச் சொல்ல இவ்வளவா? தெரியும், தெரியும்" என்று அவரும் எழுதிக்கொண்டார். நீ நினைத்தது முருகன் கை வேல். அவர் வீட்டுச் சாமிமாடத்தில் இருந்ததோ கோலூன்றி நிற்கிற பழனி ஆண்டவர். மனிதர் நிம்மதியாகத் தண்டபாணி என்று எழுதி வைத்துவிட்டார். அந்த எழுத்து உனக்கு எங்கே தெரியும்?

பெண்டாட்டி கடை போட எனக்குச் சம்மதம் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒரு தாள் எழுதினாள். அதில் என் சொந்தப் பெயர், கீழே என் கைநாட்டு. இரண்டு தாளையும் பெரிய அதிகாரி மேசையில் வைத்தாய். அவர் இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார்.

"உனக்கு எத்தனை புருஷன்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். நம் ஆள் ஒருத்தனே, "ஒருத்தன் மாவாட்ட, ஒருத்தன் தோசை ஊத்த!" என்றானாம். அதிகாரி தாள்களைத் தள்ளி, "பொய் மனு. லைசன்ஸ் கிடையாது, போ" என்றுவிட்டார்.

அப்போது நீ எப்படி நின்றாய், அஞ்சலை? எந்தக் கண்ணில் பிள்ளைகள் தெரிந்தார்கள், எந்தக் கண்ணில் நான் தெரிந்தேன்?

"ஒருத்தர்தான்!" என்று கத்தி, என் பெயரை முழுசாகச் சொன்னாயாம். தட்டச்சுச் சத்தம்கூட நின்றுபோனதாம். பொன்னையா எழுந்து, தப்பு தன்னுடையது என்று சொல்ல, அதிகாரி முத்திரையைக் குத்தினார். ஆனால் லைசன்ஸை வாங்க நீ அங்கே இல்லை. ஓடிவிட்டாய்.

மூச்சிரைக்க வந்து என் நெஞ்சில் கையை வைத்தாய்.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்லீங்க. மூச்சு விடுங்க."

"விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இன்னொரு தடவை விடுங்க."

விட்டேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே பொன்னையா சைக்கிளில் வந்து, லைசன்ஸை என் போர்வைமேல் வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னார். அவர் போன பிறகு கெஞ்சினேன்.

"ஊருக்கே சொல்லிட்ட. என் காதுல ஒரு தடவை சொல்லேன்."

"ஒரு தடவை தப்பிச்சீங்க, போதும்."

கால் பிழைத்தது, நொண்டலோடு. கல்லும் வந்தது. மெர்டேக்கா அன்று கொடி பிடித்துப் போன கூட்டம் நம் கடையை மொய்த்து, வெயில் ஏறுமுன் மாவு தீர்ந்துவிட்டது. அந்தத் தோசையில் பிள்ளைகள் படித்தார்கள், கல்யாணம் கட்டினார்கள். நான் தொண்ணூறைத் தாண்டிவிட்டேன், புள்ள. நீ சொன்ன பெயர் என் ஆயுளில் ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை. நீதான் முந்திக்கொண்டாய்.

ஒன்றுதான் இன்னும் மனசில் கிடக்கிறது. என் பெயர் உன் வாயில் எப்படி இருக்கும்? வரிசையில் நின்று உன்னைக் கேலி செய்தவன்கூடக் கேட்டான். எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நான் சீக்கிரம் வருவேன். வாசலில் யாராவது, இந்த நொண்டிக் கிழவன் யார் என்று உன்னைக் கேட்பார்கள். அப்போது முந்தானையைத் தேடாதே, சாமியைக் காட்டாதே. சொல்லிவிடு. இனிமேல் குறைய என்னிடம் ஆயுள் ஏது? நீ சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் வெளியிலேயே நிற்பேன், இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
வேலாயுதம்