பல்லக்குத் திரைக்குள் இருந்த ராஜா

மைசூர், 1931

அன்புள்ள அம்மாவுக்கு, தேவமாதா கிருபையால் நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அக்கா, சத்தமாகப் படி. நடுவில் நீ சிரித்தால் உதை.

ராஜா குடியிருந்த பழைய அரண்மனையை இங்கே செத்த காலேஜ், அதான் மியூசியம், ஆக்கிவிட்டார்கள். தேக்குத் தூண்கள், ராணிமார் மறைந்து பார்த்த மரச்சல்லடை ஜன்னல் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ராஜாதான் பாக்கி. அங்கிருக்கும் பழைய சேணங்களுக்குத் தோல் மாற்றுவதுதான் எங்கள் வேலை.

நேற்று எங்கள் மேஸ்திரி வெளியே போனதும் நான் அங்கே வைத்திருக்கும் ராஜாவின் பல்லக்கில் ஏறித் திரையை இழுத்துவிட்டு, "யாரங்கே!" என்று அதட்டினேன். காவலுக்கு நிற்கும் வரதன் தாத்தா அந்தக் காலத்து அரண்மனைச் சேவகர். இடுப்பு வரை குனிந்து கும்பிட்டேவிட்டார்! திரையை விலக்கிச் சிரித்தேன். "இன்னியோட உன் வேலை போச்சுடா!" என்று காதைத் திருகி, மேஸ்திரியிடம் இழுத்துப் போனார்.

"இன்னா பண்ணான்?" என்றார் மேஸ்திரி.

தாத்தா வாயைத் திறந்தார், மூடினார். என்னைக் காட்டிக்கொடுத்தால், தான் கும்பிட்டதையும் சொல்ல வேண்டுமே!

"ஒண்ணுமில்ல. பையன் நல்லா வேலை செய்றான்" என்று போய்விட்டார்.

அப்பாடா, வேலை தப்பியது!

ஆம்பூரிலிருந்து யாராவது வந்தால் மிளகாய்ப்பொடி கொடுத்தனுப்பு. இங்கே குழம்பிலும் வெல்லம். உன் பழைய புடவை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள. குளிருக்குத்தான். துவைக்க நேரமில்லை என்றால் துவைக்காமலே அனுப்பு. மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உன் மகன்,
சவரிராயன்