கண்ணிவெடிப் படகும் ஓர் அழுக்குச் சட்டையும்

ஏப்ரல் 9, 1940
(எங்கிருந்து என்று எழுதக்கூடாதாம்)

என் அருமை ஃப்ளோரிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: என் நாற்றம் தாங்காமல் படகுப் பூனையே வேறு படுக்கைக்குப் போய்விட்டது. ஐந்து வாரமாக ஒரே கம்பளிச் சட்டை.

போருக்காகக் கடற்படை நம் மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டதிலிருந்து, வலை இழுத்த அதே வின்ச் உருளையில் கம்பி இழுத்து, கடலடியில் கட்டிப்போட்டிருக்கும் கண்ணிவெடிகளை அறுத்துவிடுகிறோம். தினமும் விடியலில் கிளம்புகிறோம். ஆம்பளை கடலுக்குக் கிளம்பும் நாளில் பெண்டாட்டி துணி துவைத்தால் அவனை அலை அடித்துக்கொண்டு போகும் என்பது நம் ஊர் கிரிம்ஸ்பியின் மீனவர் சட்டம். அப்புறம் நீ என்றைக்குத்தான் துவைப்பாய்? படகில் நானே துவைத்தால், அதுவும் அபசகுனம் என்று என் ஆட்களே என்னைத் தூக்கிக் கடலில் போடுவார்கள்.

கமாண்டர் பெல்லிங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை சோதனைக்குச் சுத்தமா வரலேன்னா, படகை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்" என்கிறார். இருபது வருஷப் படகு, ஃப்ளோரி! அழுக்குத் துணி மூட்டை அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை துவைத்துவிடேன்.

உன் அழுக்கன்,
ஜேபஸ்

கிரிம்ஸ்பி
ஏப்ரல் 12

அழுக்கு மகாராஜாவுக்கு,

மூட்டை வந்தது. பிரிக்காமலே கொல்லையில் வைத்தேன். பக்கத்து வீட்டு நெல்லி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னடி, புருஷனையே பார்சல்ல அனுப்பிட்டாங்களா?" என்கிறாள்.

துவைக்க மாட்டேன். கமாண்டர் வந்து மண்டியிட்டாலும் மாட்டேன். நம் தெருவில் பதினொரு வீட்டிலும் இதே பேச்சு. படகு போனால் போகட்டும், நீ அழுக்காகவாவது உயிரோடு வந்து சேர். 'வாரத்தில் ஒரு நாள் படகை நிறுத்துங்கள், வெள்ளையாக அனுப்புகிறோம்' என்று அந்த ஆளிடம் சொல். சொல்லப் பயமென்றால் இந்தக் கடிதத்தை நீட்டு.

ஃப்ளோரி

ஏப்ரல் 15

ஃப்ளோரி கண்ணே,

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைச் சோதனையில் உன் கடிதத்தை நீட்டிவிட்டேன். என் ஒன்பது ஆட்களும் அதே அழுக்கோடு பின்னால் நிமிர்ந்து நின்றார்கள்.

"இதென்ன மூடத்தனம்?" என்றார் கமாண்டர்.

சமையல்காரன் ஓபெட் குறுக்கே புகுந்தான். "ஐயா, நேத்து நாலு வெடி அறுத்தோம். அதுங்க எங்க சட்டையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே!"

கமாண்டர் முகம் சிவந்தது, தாடி துடித்தது. அது சிரிப்பென்று அப்புறம்தான் புரிந்தது. இனி வெள்ளிக்கிழமைதோறும் படகுகள் கரையில் நிற்கும். நம் படகும் என்னிடமே. துவைத்துத் தள்ளு!

வெற்றிவீரன்,
ஜேபஸ்

கிரிம்ஸ்பி
ஏப்ரல் 20

வெற்றிவீரனுக்கு,

நேற்றுத் தெரு முழுக்கத் துணி பறந்தது. உன் சட்டைக்கு மட்டும் மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். "ஜெயிச்சுட்டோம்டி!" என்று நெல்லி கத்திக்கொண்டே இருந்தாள். மற்ற நாளில் துவைக்கும் தொட்டியைத் தொடமாட்டேன், எந்தக் கமாண்டர் வந்தாலும் சரி.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. என் அப்பாவைக் கடல் கொண்டுபோன அன்று எங்கள் வீட்டில் யாரும் துணி துவைக்கவில்லை.

ஃப்ளோரி