உன் பக்கத்து நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் ஜப்பானிய மலர் அலங்கார வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போல எனக்கும் நீ டீச்சர்தான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் புதிதாக வந்த ரெட்டைச்சடைக்காரி, கிண்ணத்துக்குள் காம்புகளைக் குத்தி நிறுத்தும் ஆணித்தட்டில் ஒரு கிளையும் ஒரு பூவும் மட்டும் குத்தியதும், "என் செல்லமே, இடம் விடத் தெரிஞ்சிருக்கே உனக்கு" என்றாய். என் கிண்ணத்தைப் பார்த்து, "ஏண்டி, பஸ் கூட்டம் மாதிரி அடைச்சு வச்சிருக்க?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

செல்லம் என்பது வீட்டில் நீ என்னைக் கூப்பிடும் பெயர்.

நீ வீட்டுக்கு எடுத்து வந்த அவள் கிண்ணம் இன்னும் நம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. தண்ணீர் மாற்றுவது நான். வாடித் தொலைய மாட்டேன் என்கிறது.

வெற்றிடமும் அலங்காரத்தில் சேர்ந்தது என்பாயே. வரும் சனிக்கிழமை வகுப்பில் உன் பக்கத்து நாற்காலியில் நான் இருக்க மாட்டேன். அந்த இடம் அழகாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
பழைய செல்லம்