அத்தா வண்டிக்கு நீ அனுப்பின பை

என் மொச்சக்கொட்ட முபஷிருக்கு, ராசிபுரத்துல இருந்து உன் அம்மா ஆயிரம் துஆவோட எழுதறது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கச்சி கௌசியாவும் அல்லாவோட கிருபையால சுகமா இருக்கறோம், அந்தக் குளிர் ஊருல நீ காதை மூடிக்கிட்டு நேரத்துக்குச் சாப்பிடறேன்னு தெரிஞ்சா எங்களுக்கு அது போதும். போன் இருக்கறப்ப கடுதாசி எதுக்குன்னு கேப்ப. போன்ல நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள நீ ஒம்பது வார்த்தை சொல்லிப்போடற, கடுதாசின்னா வாயை மூடிக்கிட்டு கடைசி வரைக்கும் படிச்சுத்தானே ஆகணும். கௌசியா இதைப் போட்டோ புடிச்சு உனக்கு அனுப்புவா. எழுத்து கோணலா இருந்தா அஞ்சாவதோட நின்னுட்ட பொம்பளைன்னு பொறுத்துக்கோ.

விசயத்துக்கு வாரேன். அத்தா வண்டியை நான் விக்கறதா இல்ல கண்ணு. நீ பார்த்து வெச்சிருக்கிற ஆளை வேற வண்டி பாத்துக்கச் சொல்லிடு. வர்ற திங்கக்கிழமை கௌசியா பைக்கை ஓட்ட, நான் பின்னாடி உக்காந்து, அத்தா ஊர் ஊராத் துணி விக்கப் போன அதே லைனுக்கு லுங்கி நைட்டி போர்வையெல்லாம் எடுத்துக்கிட்டு நாங்களே போறோம். இப்பவே மூஞ்சியைத் தூக்காத, இன்னும் படி. ரோட்டுல வண்டி ஆபத்துன்னு சொல்றியே, உங்க அத்தா என்ன வண்டியிலயா போனாரு? மத்தியானம் லுஹர் தொழுதுட்டு ஊட்டுக்கு வந்து நாற்காலியில உக்காந்தவரு, தண்ணி கொண்டான்னாரு, கொண்டாறதுக்குள்ள போயிட்டாரு. அதுக்காக நாற்காலியை வித்துடவா?

அவரு போனதுக்கப்புறம் இத்தா இருக்கற நாலு மாசம் பத்து நாளும் முடியற வரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாதுன்னு உள்ளயே கெடந்தேனே, அப்ப எனக்கு எதுக்கால நடையில நின்னது அந்த வண்டிதான். வர்றவங்க எல்லாம் என்னைப் பாத்ததும் அழுவாங்க, அது ஒன்னுதான் அழாம நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஒருநாள் அட்டாலியில ஏறி, வண்டிக்கு ரெண்டு பக்கமும் தொங்கவிடன்னு நீ போன வருசம் அத்தாவுக்கு அனுப்பின ரெண்டு பையையும் கீழ எறக்கினேன். அது வந்தப்பவே அவரு என்ன சொன்னாரு தெரியுமா, என்னடி வஹீதா, உம்புள்ள கழுதைக்குப் போடற பொதியை அனுப்பியிருக்கறான், நான் சைக்கிள் டியூப்ல கட்டறதுக்கு இது ஈடாகுமான்னு சிரிச்சுட்டு மேல வெச்சுட்டாரு. சரி, நாம கட்டித்தான் பாப்போமேன்னு தோணுச்சு. அழுதுக்கிட்டே இருந்தா கண்ணு வலிக்குது கண்ணு, கைக்கு ஒரு வேலை வேணும்ல.

மொத நாள் தோள்ல துண்டு போடற மாதிரி சீட்டு மேல சும்மா போட்டுட்டேன். கௌசியா ஒரு ஆட்டு ஆட்டினா, ரெண்டு பையும் ஊஞ்சலாடுச்சு. அப்புறம் நீ அனுப்பின வீடியோவைப் போட்டு, அந்த வெள்ளைக்காரன் பேசறது வெளங்காம, சத்தத்தை நிறுத்திட்டு அவன் கையை மட்டும் பாத்தோம். சீட்டைக் கழட்டி, அதுக்கு அடியில பட்டையை விட்டு, மறுபடி சீட்டை வெச்சு அமுக்கணுமாம். அதோட விடாம கால் வெக்கிற கம்பிகிட்ட கீழயும் ஒரு பட்டை இழுத்துக் கட்டினாத்தான் பை பறக்காதாம். இதெல்லாம் பண்ணிட்டு ஒரு பக்கம் பூரா போர்வை, ஒரு பக்கம் பூரா நைட்டின்னு அடைச்சுட்டேன். ஸ்டாண்டை எடுத்தா, வயிறு நெறையச் சாப்பிட்டுட்டு உங்க அத்தா என் தோள்ல சாயறாப்பல வண்டி என் மேல சாஞ்சுக்கிச்சு. இப்ப ரெண்டு பக்கமும் பாதிப்பாதி, போர்வை அடியில, நைட்டி மேல.

சரியாத்தான் கட்டியிருக்கறமான்னு நானே மேல ஏறி உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன், துக்கம் விசாரிக்கணும்னு ஆத்தூர் மாமி உள்ள வந்துட்டாங்க. எறங்கவும் முடியல, முக்காட்டை மட்டும் இழுத்துக்கிட்டேன். புருசனைப் புதைச்ச மண்ணு ஈரம் காயல, இவ பைக் ஏறிட்டாளேன்னாங்க. ஏறித்தான் இருக்கறேன் மாமி, வாசப்படி தாண்டலையேன்னு சொன்னேன். கௌசியா திரும்பி நின்னு சிரிக்கறா. மாமி மொறைச்சுக்கிட்டே பையைத் தொட்டுப் பாத்துட்டு, என்னடி இது தொளதொளன்னு கட்டியிருக்கறன்னு சொல்லி, ஒரு காலை டயர்ல குடுத்துப் பட்டையை இழுத்தாங்க பாரு ஒரு இழுப்பு, அதுக்கப்புறம் பை அசையவே இல்ல. அந்த ஜோர்ல கௌசியா எஞ்சினைப் போட்டு உறுமவிட்டா. கொஞ்ச நேரத்துல ஒரே பொகை. வலது பக்கத்துப் பை சைலன்சர்ல ஒட்டி அடி உருகிப்போச்சு. மறுநாள் ஓத வந்த ஹஜ்ரத்து மூக்கைப் பொத்திக்கிட்டே ஓதினாரு, அல்லா மன்னிக்கணும்.

வலது பக்கம் பையைத் தாங்கறதுக்கு ஒன்னும் இல்ல, அதுதான் காரணம். இடது பக்கம் சக்கரத்துல சேலை சிக்காம இருக்க அத்தா வெச்ச சாரி கார்டு இருக்குதல்ல, பை அதுமேல தொட்டில்ல போட்ட புள்ளையாட்டம் படுத்துக்கிச்சு. அந்தக் கம்பி கதை உனக்குத் தெரியும். கல்யாணமான புதுசுல வெண்ணந்தூருக்குத் துண்டு எடுக்கப் போறப்ப என் முந்தி சக்கரத்துல சுத்திக்கிச்சு. அவரு துணி வெட்டற கத்திரியால முந்தியை வெட்டி விட்டுட்டு ஓட்டினாரு. அடுத்த வாரமே அந்தக் கம்பியோட வந்து நின்னாரு. மத்தவங்க வண்டியில எல்லாம் அடக்கமா இருக்கும், நம்முளது ஜன்னல் கதவாட்டம் பெருசு. வண்டி மாறிக்கிட்டே வந்துச்சு, கம்பியை மட்டும் கழட்டிக் கழட்டி அடுத்த வண்டிக்கு மாத்தினாரு. நீ காலேஜ் போறப்ப அசிங்கமா இருக்குதுன்னு கழட்டப் போயி திட்டு வாங்கினயே, மறந்துடுச்சா?

வலதுக்கும் அதே மாதிரி ஒன்னு வேணும்னு கௌசியா நாமக்கல்லுல லாரி பாடி கட்டற காளியப்பண்ணன் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனா. சைலன்சர் படாம தள்ளி, தகடு வெச்சு நல்லாத்தான் பண்ணிக் குடுத்திருக்கறாரு. ஆனா, பாப்பா, இடது பக்கத்துப் பழைய கம்பியும் நான் அடிச்சதுதான், மூட்டை சக்கரத்துல ஒரசுதுன்னு பாய் வந்தாரு, மூட்டை அளவுதான் குடுத்தாருன்னு சொல்லியிருக்கறாரு. கௌசியா வந்து சொன்னப்ப சோத்துல வெச்ச கை அப்படியே நின்னுபோச்சு. இத்தனை வருசமா அந்தக் கம்பியை எனக்குப் போட்ட நகையாட்டம் நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா. கௌசியா சிரிக்கறா. நான் விடல. மூட்டைக்குன்னா கம்பி ஓரத்துல எதுக்கு டியூப் சுத்தணும்னு கேட்டேன், என் கால்ல இடிக்காம இருக்கத்தானே. துணி கிழியாம இருக்கம்மான்னு அவ சொல்றா. அப்பன் புத்தி அப்படியே இருக்குது.

அத்தாகிட்டயே துணி எடுக்கற புதுச்சத்திரம் முத்தாயம்மா நேத்தும் போன் பண்ணினாங்க. பாயம்மா சீக்கிரம் வாங்க, இந்தக் கலரு எனக்கு எடுபடாதுன்னு பாய் மூஞ்சிக்கு நேராச் சொல்லுவாரு, கடையில எதைக் கட்டினாலும் நல்லா இருக்குதுங்கறாங்க, யாரை நம்பறதுன்னு தெரியலைன்னாங்க. அவருக்காக இப்படி ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கறப்ப நான் ஊட்டுக்குள்ள உக்காந்து என்ன பண்ணட்டும், சொல்லு. நீ சரின்னு சொன்னா நெஞ்சு நெறைஞ்சு போவேன், சொல்லாட்டியும் போவேன், ஆனா போற வழியெல்லாம் உன் மூஞ்சி ஞாபகம் வரும்.

நீயும் அங்க பை மாட்டிக்கிட்டு மலையேறறவன், ஒன்னு கேட்டுக்கோ. பட்டையைப் பாவாடை நாடாவா நெனச்சுக்கோ, கட்டறப்ப இறுக்கமாத்தான் இருக்கும், கொஞ்சம் நடந்தா லூசாயிடும். அதனால கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி ஒரு தடவை இழுத்துக் கட்டு. மிச்சப் பட்டையைத் தொங்க விடாத, சுருட்டிச் சொருகு. ஜும்மாவை விடாத. அத்தாவுக்கு ஓதறதை விடாத. அல்லா உனக்கு நீண்ட ஆயுசும், பசிக்கறப்ப சுடுசோறும், உன் பேச்சைக் கேக்காத ஒரு நல்ல பொண்டாட்டியும் குடுக்கட்டும். திங்கக்கிழமை எங்களுக்குத் துஆ செய்ய மறந்துடாத.

இப்படிக்கு,
பின் சீட்டுக்காரி, உன் அம்மா வஹீதுன்னிசா

ஓரத்துல கொஞ்சம் எடம் இருக்குது. நேத்து சாயந்தரம் பையை மாட்டிக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தோம். கம்பி மேல மூட்டையும் சாஞ்சிருந்துச்சு, என் காலும் சாஞ்சிருந்துச்சு, ரெண்டுக்கும் எடம் சரியா இருந்துச்சு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி நடந்ததுதான், ஆனாலும் உன்னைத்தான் கேக்கணும், வேற யாரைக் கேப்பேன்? அந்தக் கம்பியை உங்க அத்தா எனக்காக வெச்சாரா, மூட்டைக்காக வெச்சாரா?